உஷார்! ப்ளேடைக் கழற்றிய வைப்பர் கண்ணாடியை உடைக்கும்

ஐப்பசி பிறந்தால் போதும், ஊரெல்லாம் வைப்பர் ப்ளேடு மாற்றும் வேலை தொடங்கிவிடும். கோடை வெயிலில் காய்ந்து விறைத்த ரப்பர், முதல் மழையிலேயே கண்ணாடியில் கோடு கோடாகத் தண்ணீரை விட்டுவைக்கும்; கிரீச் கிரீச்சென்று கத்தும். மாற்றித்தான் ஆக வேண்டும். கடையில் ஒரு ஜோடி வாங்கிவந்து, ‘ஐந்து நிமிட வேலைதானே’ என்று வாசலிலேயே ஆரம்பிக்கிறோம். வேலை ஐந்து நிமிடம்தான். ஆனால் அதில் ஒரு நொடி அசந்தால், சில நூறு ரூபாய் வேலை பல ஆயிரம் ரூபாய்ச் செலவில் போய் நிற்கும்.

ஆபத்து ப்ளேடில் இல்லை, அதைத் தாங்கும் இரும்புக் கையில் இருக்கிறது. ஓடும் வண்டியில் எதிர்க்காற்று தூக்கிவிடாதபடி ப்ளேடைக் கண்ணாடியோடு அழுத்திப் பிடிக்க, அந்தக் கையின் அடியில் வலுவான ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள். கையைத் தூக்கி நிறுத்தினால் அது பேசாமல் நிற்கும். சட்டைக் கை உரசினாலோ, ஒரு பலத்த காற்று அடித்தாலோ, நாம் லாக்கை அழுத்தும் வேகத்தில் லேசாக ஆடினாலோ, எலிப்பொறி மாதிரி ‘பட்’டென்று திரும்பி அடிக்கும். ப்ளேடு மாட்டியிருந்தால் அடியை ரப்பர் வாங்கிக்கொள்ளும். கழற்றிவிட்டால், நுனியிலுள்ள கொக்கி வடிவ இரும்பு நேரே கண்ணாடியில் இறங்கும்.

முன்கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. அதனால் நொறுங்கிக் கொட்டாது, விரிசல் விழும். ‘சின்னக் கீறல்தானே’ என்று விட்டுவிடாதீர்கள். வெளியே வெயில், உள்ளே ஏசி, போதாததற்கு ரோட்டுப் பள்ளத்தின் அதிர்வு. அந்த விரிசல் நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போகும். சின்னச் சில்லு பெயர்ந்திருந்தால் ரெசின் வைத்துச் சரிசெய்யலாம். நீண்ட விரிசலுக்குக் கண்ணாடியையே மாற்ற வேண்டியதுதான். கண்ணாடிக்குப் பின்னால் கேமரா வைத்த புது மாடல் கார்கள் பலவற்றில், அந்தக் கேமராவையும் மறுபடி அளவு பார்த்துப் பொருத்த வேண்டும். இன்ஷூரன்ஸில் க்ளெய்ம் போட்டால் நோ க்ளெய்ம் போனஸ் போகக்கூடும்.

இத்தனையையும் தடுக்க ஒரு தடித்த துண்டு போதும். ப்ளேடில் கை வைக்கும் முன்பே அதை நாலாக மடித்து, வைப்பர் கை விழக்கூடிய இடத்தில் கண்ணாடிமேல் விரியுங்கள். வேலை முடியும்வரை எடுக்காதீர்கள்.

அடுத்து, இன்ஜினை அணைத்துச் சாவியைப் பையில் போடுங்கள். மழைத்துளி பட்டதும் தானாக ஓடும் வைப்பராக இருந்தால் இன்னும் கவனம். இக்னிஷன் ஆனில் இருக்கும்போது யாராவது கண்ணாடியைத் துடைத்தால்கூட அது ஓடக்கூடும். உள்ளே குழந்தைகளை உட்காரவிடாதீர்கள். லீவரைத் தட்டிவிட்டால் வெறும் இரும்பு கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டு போகும்.

பானெட் மூடியே இருக்கட்டும். சில கார்களில் வைப்பர் கை பானெட் விளிம்புக்கு அடியில் ஒளிந்திருக்கும். பலவந்தமாகத் தூக்கினால் பெயின்ட் பெயரும், கையும் வளையும். அந்த வண்டிகளில் வைப்பரை நடுக்கண்ணாடிக்குக் கொண்டுவந்து நிறுத்தும் முறையை மேனுவலில் போட்டிருப்பார்கள். பார்த்துச் செய்யுங்கள்.

இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கழற்றாதீர்கள். ஒன்றை முடித்துவிட்டு மற்றதற்குப் போங்கள். இடது கையால் வைப்பர் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, வலது கையால் ப்ளேடைக் குறுக்கே திருப்பி, நடுவிலுள்ள சின்ன லாக்கை அழுத்திக் கீழ்நோக்கித் தள்ளினால், பெரும்பாலான கார்களில் இருக்கும் கொக்கி வகை கழன்று வரும். வந்த உடனே, புது ப்ளேடைத் தேடி ஓடாமல், இரும்புக் கையை மெதுவாகத் துண்டின்மேல் இறக்கிப் படுக்க வையுங்கள். கண்ணாடி உடைவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

புது ப்ளேடு வாங்கும்போதே பழையதன் நீளத்தை அளந்து போங்கள். பெரும்பாலான வண்டிகளில் டிரைவர் பக்கம் நீளம், மறுபக்கம் குட்டை. மாற்றி மாட்டினால் ஒன்றையொன்று மோதும். ரப்பர்மேல் பிளாஸ்டிக் உறை இருந்தால் உருவிவிடுங்கள். கொக்கியில் ‘டக்’கென்று சத்தம் வரும்வரை ஏற்றி, ஒரு முறை இழுத்துப் பாருங்கள். சரியாக உட்காராத ப்ளேடு, கொட்டும் மழையில் நெடுஞ்சாலையில் கழன்று பறக்கும். அங்கேயும் கண்ணாடியோடு மோதப்போவது அதே வெறும் இரும்புதான். மாட்டிய பிறகும் கையைப் பொத்தென்று விடாதீர்கள், பிடித்தபடியே இறக்குங்கள். கடைசியாகத் துண்டை எடுத்து, தண்ணீர் பீய்ச்சி நனைத்த கண்ணாடியில், குறைந்த வேகத்தில் ஓட்டிப் பாருங்கள்.

பின்கண்ணாடி வைப்பரிலும் இதே எச்சரிக்கை வேண்டும். பொதுவாக அது டஃபன்ட் கண்ணாடி. உடைந்தால் மொத்தமும் பொடிக்கற்களாக உதிர்ந்துவிடும்.

வண்டியைத் தொடும் எல்லோருக்கும் இதைச் சொல்லிவையுங்கள்: வீட்டுப் பிள்ளைகளுக்கு, டிரைவருக்கு, காலையில் வண்டி கழுவ வருபவருக்கு. ப்ளேடு இல்லாத வைப்பரை யாரும் நிறுத்தி வைக்கவும் கூடாது, ஓட்டவும் கூடாது. முதலில் துண்டு, அப்புறம்தான் ப்ளேடு!