மல்லாட்டை எண்ணெயும் மார்செய் துறைமுகமும்

செஞ்சிக்கு வடக்கே, தேசூருக்குப் பக்கத்தில் இருக்கிறது சீயமங்கலம். மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த தூணாண்டார் கோயிலைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருவார்கள். தூணில் ஆடும் சிவனைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். வழியில் இரு பக்கமும் கிடக்கும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லைகளை யாரும் படம் எடுப்பதில்லை. ஆடியில் விதைத்து ஐப்பசியில் பிடுங்கும் மானாவாரி. கிணறு உள்ளவர்களுக்கு மார்கழிப் பட்டமும் உண்டு. காய் செஞ்சி விற்பனைக் கமிட்டிக்குப் போகும். கொடி மாட்டுக்கு. எண்ணெய் ஆட்டியபின் மிஞ்சும் புண்ணாக்கும் மாட்டுக்கே.

ஐரோப்பாவின் உயிரி எரிபொருள் தொழிலைப் பற்றி எழுத வந்தவன் இந்த ஊரிலிருந்து தொடங்குவது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் ஐரோப்பாவுக்கு எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தபோதெல்லாம் அதன் அலை இந்தச் செம்மண்ணை எட்டியிருக்கிறது. முதல் முறை வந்தது எரிபொருளுக்காக அல்ல, சோப்புக்காக.

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிரான்ஸின் மார்செய் நகரம் சோப்புத் தொழிலின் தலைநகரம். ஆலிவ் எண்ணெய் போதவில்லை. மலிவான எண்ணெய்வித்தைத் தேடி அந்நகர வணிகர்கள் மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் புதுச்சேரிக்கும் ஆள் அனுப்பினார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. 1879இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் ஓடத் தொடங்கியது. தென்னார்க்காட்டு மல்லாட்டை கப்பலேற இவை இரண்டும் போதுமாக இருந்தன. கம்பும் வரகும் விளைந்த மேட்டு நிலங்களில் காசுப் பயிர் நுழைந்தது இப்படித்தான். 1890களில் விதை நலிந்து விளைச்சல் சரிந்தது. வெளிநாட்டு விதை வந்த பிறகே பயிர் மீண்டது. 1905இல் பாலூரில் அரசு விவசாயப் பண்ணை வந்ததற்கும், பின்னாளில் திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் அமைந்து 1940இல் டி.எம்.வி. 2 என்ற ரகம் வெளிவந்ததற்கும் பின்னணி இந்தக் கப்பல் வணிகம். டி.எம்.வி. என்பதில் இருப்பது திண்டிவனம்தான்.

இதற்கு நடுவே, 1900இல், பாரிஸ் உலகப் பொருட்காட்சியில் ஓட்டோ நிறுவனம் ஒரு சிறிய டீசல் என்ஜினை ஓட்டிக் காட்டியது. எரிபொருள், வேர்க்கடலை எண்ணெய். கனிம எண்ணெய்க்காகச் செய்த என்ஜின் எந்த மாற்றமும் இல்லாமல் சீராக ஓடியது. பார்த்தவர்களில் பலருக்கு வித்தியாசமே தெரியவில்லை என்று ருடால்ஃப் டீசல் 1912இல் எழுதியிருக்கிறார். யோசனை அவருடையதல்ல, பிரெஞ்சு அரசாங்கத்துடையது. ஆப்பிரிக்கக் காலனிகளில் கடலை தாராளமாக விளைந்தது. நிலக்கரியைக் கப்பலில் சுமக்காமல் அங்கேயே விளைவதை எரித்து அங்கேயே இயந்திரம் ஓட்டலாம் என்பது கணக்கு.

ஒரு திருத்தம். ஆகஸ்ட் 10ஆம் தேதியை உலக உயிரி எரிபொருள் தினமாகக் கொண்டாடி, 1893இல் அந்த நாளில் டீசலின் என்ஜின் கடலை எண்ணெயில் ஓடியது என்று ஆண்டுதோறும் எழுதுகிறார்கள். 1893இல் ஆக்ஸ்பர்க்கில் நடந்த அந்தச் சோதனையில் எரிந்தது பெட்ரோல் வகை. கடலை எண்ணெய் அரங்கேறியது ஏழு ஆண்டுகள் கழித்துத்தான்.

சரி, அன்றே ஓடிய என்ஜின் இன்று ஏன் நேரடியாகக் கடலை எண்ணெயில் ஓடுவதில்லை? தாவர எண்ணெயின் மூலக்கூறு பெரியது. கிளிசரின் என்ற முதுகெலும்பில் மூன்று நீண்ட கொழுப்பு அமிலச் சங்கிலிகள் தொங்கும். அதனால் எண்ணெய் டீசலைவிடச் சுமார் பத்து மடங்கு கெட்டியாக ஓடும். இன்றைய என்ஜினின் மெல்லிய ஊசித்துளை வழியே அது நன்றாகச் சிதறாது. அரைகுறையாக எரிந்து கரி கட்டும். இதற்குத் தீர்வு எளிய வேதியியல். எண்ணெயுடன் மெத்தனாலையும் சிறிது காஸ்டிக் சோடாவையும் சேர்த்துச் சூடாக்கினால் சங்கிலிகள் கிளிசரினை விட்டுக் கழன்று, ஒவ்வொன்றும் ஒரு மெத்தனால் துண்டைப் பிடித்துக்கொள்ளும். 100 கிலோ எண்ணெய்க்கு ஏறக்குறைய 10 கிலோ மெத்தனால் செலவு. 100 கிலோ பயோடீசலும் 10 கிலோ கிளிசரினும் வரவு. 1937இல் பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழகத்தின் ஷவான் இதே வழியில், மெத்தனாலுக்குப் பதில் எத்தனாலைச் சேர்த்துக் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டு பிரஸ்ஸல்ஸிலிருந்து லூவனுக்கு ஒரு பேருந்து அந்த எரிபொருளில் ஓடியது. எண்ணெய் வந்தது பெல்ஜியத்தின் காலனியான காங்கோவிலிருந்து, பாமாயில். என்ஜின் ஐரோப்பாவில், எண்ணெய் வேறெங்கோ என்ற ஏற்பாடு அப்போதே தொடங்கிவிட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெட்ரோலியம் மலிந்தது, எல்லோரும் இதை மறந்தார்கள். ஐரோப்பா திரும்பவும் இதைக் கையில் எடுத்ததற்குச் சுற்றுச்சூழல் அக்கறை மட்டும் காரணமல்ல. தானியம் தேவைக்கு மேல் விளைந்து குவிந்ததால், 1992இல் ஐரோப்பிய விவசாயிகள் நிலத்தில் ஒரு பகுதியைத் தரிசாகப் போட வேண்டும் என்று விதி வந்தது. உணவல்லாத பயிர் என்றால் அதில் பயிரிடலாம் என்று விலக்கும் வந்தது. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ரேப் பயிர் மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது அந்த விலக்கில்தான். 2003இல் ஐரோப்பிய ஒன்றியம் இலக்கு வைத்தது: 2010க்குள் போக்குவரத்து எரிபொருளில் 5.75 சதவீதம். 2009இல் அதை உயர்த்தி, 2020க்குள் 10 சதவீதம் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்றது.

இந்தச் சதவீதங்கள் எவ்வளவு பெரிய பசி என்பதை நம்மூர்க் கணக்கில் பார்க்கலாம். மானாவாரியில் ஏக்கருக்கு 800 கிலோ காய் என்று வைத்துக்கொள்வோம். தோல் போக 560 கிலோ பருப்பு. ஆட்டினால் 250 கிலோ எண்ணெய், அதாவது 275 லிட்டர். செஞ்சி வழியாகப் போகும் ஒரு பேருந்து நாளைக்கு 300 கிலோமீட்டர் ஓடுகிறது, லிட்டருக்கு 5 கிலோமீட்டர் கொடுக்கிறது என்றால் ஒரு நாள் தேவை 60 லிட்டர். ஒரு ஏக்கரின் ஒரு போக உழைப்பு, ஒரு பேருந்துக்கு நாலரை நாள். அதுவும் டீசலைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விலையில்.

ஐரோப்பாவிலும் இதே முட்டல்தான். ரேப் எண்ணெய் எரிபொருள் தொட்டிக்குப் போனால் சமையலுக்கும் பிஸ்கட்டுக்கும் வேறு எண்ணெய் வேண்டும். அது இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் பாமாயிலாக வரும். அதற்காக அங்கே காடும் கரிநிலச் சதுப்பும் அழியும். பயிர் நின்ற வயலில் எந்தப் புகையும் தெரியாது. புகை ஆயிரக்கணக்கான மைல் தள்ளிக் கிளம்பும். ஐரோப்பிய ஆணையம் 2015இல் செய்வித்த ஒரு மதிப்பீட்டில், பாமாயில் டீசலின் ஒவ்வொரு மெகாஜூலுக்கும் நிலமாற்றத்தால் மட்டும் 231 கிராம் கரியமில வாயு வெளியேறும் என்று வந்தது. ஐரோப்பிய விதிகளில் பெட்ரோலிய எரிபொருளுக்கு வைத்திருக்கும் ஒப்பீட்டு அளவு 94 கிராம். 2015இல் உணவுப் பயிரிலிருந்து வரும் எரிபொருளுக்கு 7 சதவீத உச்சவரம்பு விழுந்தது. பாமாயிலை 2030க்குள் இலக்குக் கணக்கிலிருந்து விலக்க 2018இல் முடிவெடுத்தார்கள்.

உணவுப் பயிர் வேண்டாமென்றால் உண்ண முடியாத பயிர் என்று எல்லோரும் நினைத்தார்கள். இரண்டாவது அலை தமிழ்நாட்டை அடைந்தது அப்படித்தான். அதன் பெயர் காட்டாமணக்கு. 2003இல் மத்தியத் திட்டக் கமிஷன் அமைத்த குழு ஒன்று தரிசெங்கும் காட்டாமணக்கு நட்டு டீசலில் 20 சதவீதம் கலக்கலாம் என்றது. அப்துல் கலாம் மேடைதோறும் பேசினார். இங்கே மானியத்தில் நாற்று கொடுத்தார்கள். பிரிட்டனின் டி1 ஆயில்ஸ் நிறுவனம் தமிழ்நாட்டின் மோகன் குழுமத்துடன் சேர்ந்து ஒப்பந்த சாகுபடியில் இறங்கியது, 2007இல் பி.பி. எண்ணெய் நிறுவனமே டி1 உடன் கைகோத்தது.

தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், ஆடு கடிக்காது என்றார்கள். ஆடு கடிக்காது என்பது உண்மை. செடி தண்ணீர் இல்லாமல் பிழைத்துக் கிடக்கும் என்பதும் உண்மை. ஆனால் பிழைப்பது வேறு, காய்ப்பது வேறு. எந்தப் பயிராராய்ச்சியாளரும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து மேம்படுத்தாத வேலிச்செடி அது. ஒரே குலையில் பூவும் பிஞ்சும் பழமும் சேர்ந்திருக்கும். பழுத்ததைப் பொறுக்கி எடுக்கவே கூலி விழுங்கிவிடும். புண்ணாக்கில் நச்சு, மாட்டுக்கு வைக்க முடியாது. மல்லாட்டை போட்டவனுக்குக் காய், கொடி, புண்ணாக்கு என்று மூன்று வரவு. காட்டாமணக்கில் ஒன்றுதான், அதுவும் இரண்டு மூன்று வருஷம் காத்திருந்து. பெரே அரிஸா மோன்டோபியோவும் சரத்சந்திர லேலேயும் தமிழ்நாட்டுத் தோட்டங்களை ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட கட்டுரை, விளைச்சல் எதிர்பார்ப்புக்கு வெகு கீழே, தண்ணீர் வசதி இருந்தால்தான் ஏதோ தேறும், வசதியான விவசாயிக்கே இது தாங்கும் என்று சொன்னது. அதற்கு முன்பே, 2009இல், பி.பி. விலகிவிட்டது. லண்டனில் ஒரு கூட்டுத்தொழிலை முடித்துக்கொள்ள ஓர் அறிக்கை போதும். இங்கே நட்டவர்கள் அடிமரத்தைப் பிடுங்க வேண்டியிருந்தது.

மூன்றாவது அலை இப்போது நடப்பது. அதைப் பார்க்க மார்செய்க்கே திரும்ப வேண்டும். நகரத்திலிருந்து சற்றுத் தள்ளி லா மேட் என்ற இடத்தில் டோட்டல் நிறுவனத்தின் பழைய கச்சா எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. 2019இல் அதைத் தாவர எண்ணெய் ஆலையாக மாற்றித் திறந்தார்கள். ஆண்டுக்கு 5 லட்சம் டன் கொள்ளளவு. பாமாயில் இறக்குமதி செய்யப் போகிறார்கள் என்று தெரிந்ததும் 2018 ஜூனிலேயே பிரெஞ்சு விவசாயிகள் டிராக்டர்களோடு வந்து சுத்திகரிப்பு ஆலைகளை மறித்தார்கள். எங்கள் ரேப் இருக்க பாம் எதற்கு என்பது அவர்கள் கேள்வி. காட்டுக்காகப் போராடியவர்களும் பயிர் விலைக்காகப் போராடியவர்களும் ஒரே பக்கம் நின்ற அபூர்வம் அது. 2020 முதல் பாமாயிலுக்கு இருந்த வரிச்சலுகையை பிரான்ஸ் நீக்கியது.

லா மேடில் நடப்பது பழைய பயோடீசல் அல்ல. அங்கே எண்ணெயோடு மெத்தனாலுக்குப் பதில் ஹைட்ரஜனை அழுத்தத்தில் சேர்க்கிறார்கள். எண்ணெயிலுள்ள ஆக்சிஜன் பெரும்பாலும் தண்ணீராகக் கழிந்து, மிஞ்சுவது பெட்ரோலிய டீசலோடு பிரித்தறிய முடியாத ஹைட்ரோகார்பன். குளிரில் உறையாதபடி செய்யலாம். இன்னும் சற்று உடைத்தால் விமான எரிபொருள். பின்லாந்தின் நெஸ்டே, இத்தாலியின் எனி ஆகிய நிறுவனங்களும் இந்த வழியில்தான். இதில் இன்னொரு வசதி, மட்டமான எண்ணெயையும் ஆலை ஏற்கும். வடைச் சட்டியில் திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் கொழுப்பு அமிலங்கள் உதிர்ந்து கிடக்கும். பழைய முறையில் காஸ்டிக்கைச் சேர்த்தால் அவை சோப்பாகிவிடும். ஹைட்ரஜனுக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஆகவே இப்போது ஐரோப்பாவின் தேட்டம் பழைய சமையல் எண்ணெய். கழிவு என்பதால் இலக்குக் கணக்கில் ஒரு லிட்டரை இரண்டாக எண்ணிக்கொள்ளலாம் என்று சலுகை. சலுகை இருக்கும் இடத்தில் சந்தேகமும் வந்தது: ஐரோப்பா பயன்படுத்தும் பழைய எண்ணெயில் பெரும்பகுதி இறக்குமதி, அதிலும் சீனாதான் முதலிடம், வருவதெல்லாம் உண்மையிலேயே பொரித்த எண்ணெயா, பெயர் மாற்றிய புதுப் பாமாயிலா? கப்பலில் வந்த பிறகு கண்டுபிடிப்பது கடினம். 2025 பிப்ரவரியில் சீன பயோடீசலுக்கு 10 முதல் 35.6 சதவீதம் வரை பொருள்குவிப்புத் தடுப்பு வரி போட்டார்கள். நம் நாட்டிலும் 2018இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் பொரித்த எண்ணெயைத் திரட்டும் திட்டம் தொடங்கியது. துருவக் கலவைகள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது சட்டம். இந்தத் திரட்டலை நான் முழுமனதோடு வரவேற்பேன், ஐரோப்பாவுக்காக அல்ல. பெரிய ஓட்டலில் கழித்த எண்ணெய் சின்ன பஜ்ஜிக் கடையின் சட்டிக்குப் போகாமல் நிற்கும் என்பதற்காக.

தொழில் இனி எங்கே போகும்? காரை விட்டு விலகிப் போகிறது. 2024இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்ற புதுக் கார்களில் ஏறக்குறைய ஏழில் ஒன்று மின்கார். ஆனால் விமானம் பேட்டரியில் அட்லாண்டிக்கைத் தாண்ட முடியாது. அதனால் விமான எரிபொருளில் 2025இல் 2 சதவீதம், 2030இல் 6, 2050இல் 70 என்று சட்டம் போட்டுவிட்டார்கள். ஆனாலும் முதலீட்டாளர்கள் தயங்குகிறார்கள். ராட்டர்டாமில் பாதி கட்டிய ஆலையை ஷெல் 2024இல் நிறுத்தி, 2025இல் கைவிட்டே விட்டது. உலகத்துச் சட்டிகளையெல்லாம் வழித்தாலும் 70 சதவீதத்துக்கு எண்ணெய் காணாது. எண்ணெய் ஆலை கட்டுவது சுலபம், எண்ணெய்தான் இல்லை.

இதனால்தான் 2024இல் ஐரோப்பிய ஆணையம் தான் ஏற்கும் மூலப்பொருட்களின் பட்டியலில் சத்தமில்லாமல் சேர்த்த ஒரு வரி நம் கவனத்துக்குரியது: கடுமையாகச் சீர்கெட்ட நிலத்தில் விளையும் உணவல்லாத பயிர்களின் எண்ணெயும் ஏற்கப்படும். சீர்கெட்ட நிலம் என்பது ஆவணத்தில் ஒன்று, ஊரில் வேறு. சீயமங்கலம் பக்கத்து மலையடிவாரங்களில் மேய்க்கால் புறம்போக்கு என்று எழுதியிருக்கும் நிலம் செயற்கைக்கோள் படத்தில் வெறும் கல்லாந்தரையாகத் தெரியலாம். ஆடு வளர்ப்பவர்களுக்கு அதுதான் மேய்ச்சல். காட்டாமணக்குக் காலத்தில் தரிசு என்று கணக்கெழுதியதில் நடந்த தவறு இதேதான்.

எனி நிறுவனம் 2022இல் கென்யாவில் ஆமணக்கு முதலிய வித்துகளை ஆட்டி இத்தாலிக்கு அனுப்பத் தொடங்கியது. ஆமணக்கு இங்கே வந்தால், காட்டாமணக்குக்குப் போல அதற்கு நான் பயப்பட மாட்டேன். மல்லாட்டைக் கொல்லையின் வரப்போரத்தில் அதைப் போடுவது பழைய வழக்கம். ஐந்தாறு மாதத்தில் முடிந்துவிடும். விலை கிடைக்காவிட்டால் அடுத்த ஆடிக்கு உழுதுவிட்டுப் பழையபடி மல்லாட்டை விதைக்கலாம். ஒப்பந்தத்தோடு யாராவது வந்தால் விலை எந்த ஆண்டு வரை எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது. ஐரோப்பாவின் சாலைப் போக்குவரத்து இலக்கு 2030உடன் நிற்கிறது. விமானத்துக்கோ 2050 வரை எழுதியிருக்கிறார்கள். அந்தக் கணக்கில் உணவுப் பயிர் எண்ணெய் எதற்கும் இடமில்லை, பாரிஸில் 1900இல் எரிந்த கடலை எண்ணெய்க்கும் சேர்த்துத்தான்.