ஒளியும் பாசியும்: வீட்டு மீன்தொட்டியில் ஓர் அறிவியல் பாடம்

பாசி என்னும் சொல்லின் வேர் பசுமை. பசுமையும் இலையும் புணர்ந்து 'பாசிலை' ஆகுங்கால் முதலெழுத்து நீள்வதை இலக்கணம் 'ஆதி நீடல்' என்கிறது. பாசி என்பதிலும் அந்நீட்சியே காணப்படுகிறது. பிரிவினால் தலைவியின் மேனியிற் படரும் பசலையும் அவ்வேரினதே. குறுந்தொகையின் 399ஆம் பாடலில் பரணர் இவ்விரண்டையும் ஒப்பிட்டார். கை பட்டால் விலகி, கை எடுத்ததும் மீண்டும் மூடும் கேணிப்பாசியே அங்கு உவமை. மீன்தொட்டி வைத்திருப்போர் அவ்வுவமையின் உண்மையை வாரந்தோறும் காண்கின்றனர். கண்ணாடியைத் தேய்த்தால் பாசி அகலும். காரணம் அகலாதவரை அது திரும்பிவரும்.

காரணங்கள் இரண்டு: ஒளி, உணவு. மீனின் கழிவும் எஞ்சிய இரையும் நைட்ரேட், பாஸ்பேட் ஆகிய சத்துகளை நீரிற் சேர்க்கின்றன. ஒளி மிகுமாயின், பாசி அவற்றைக் கொண்டு ஒளிச்சேர்க்கையால் விரைந்து பெருகும்.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிற்கு ஏறத்தாழ 1.3 பாகை வடக்கே உள்ளது. ஆண்டு முழுவதும் பகற்பொழுது சுமார் 12 மணி நேரம். லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகளுக்கு நடுமுற்றத்தின் வழியே மேலிருந்து வெளிச்சம் வந்தது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீடுகளுக்கோ அது சன்னல்வழிப் பக்கவாட்டில் வருகிறது. கிழக்குச் சன்னலில் காலை வெயிலும் மேற்குச் சன்னலில் மாலை வெயிலும் விழும். வடக்குச் சன்னலை ஜூன் மாதத்தை ஒட்டியும், தெற்குச் சன்னலை டிசம்பரை ஒட்டியும் கதிரவன் எட்டுகிறான். எனவே டிசம்பரில் தெளிந்திருந்த தொட்டி ஜூனில் பச்சையாகக்கூடும்.

பச்சை நிறம் கண்ணுக்கு மட்டும் குறையன்று. பாசி பகலில் ஆக்சிஜனை வெளியிடினும், இரவில் மீனைப்போல் அதனை உட்கொள்கிறது. வெயிலால் சூடேறிய நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். ஆதலால் பாசி மண்டிய தொட்டியில் மீன்கள் விடியற்பொழுதில் நீர்ப்பரப்புக்கு வந்து வாய் திறந்து தவிக்கும், கவனியாதுவிடின் மடியும்.

தீர்வு எளியது. தொட்டியை நேர்வெயில் படாத சுவரோரம் வைத்தல் வேண்டும். இயலாவிடில், சன்னலை நோக்கிய பக்கத்தை அட்டையால் மறைக்கலாம். விளக்கொளி நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும். இரையைச் சில நிமிடங்களில் மீன்கள் உண்டு முடிக்குமளவே இட வேண்டும். விரைந்து வளரும் நீர்ச்செடிகள் பாசிக்குரிய சத்தைத் தாம் எடுத்துக்கொள்ளும். வாரந்தோறும் நான்கிலொரு பங்கு நீரை மாற்றுதல் நன்று. இங்குக் குழாய்நீரில் குளோரமின் உள்ளது. ஓரிரவு வாளியில் வைப்பதால் அது நீங்காது. அதற்குரிய மருந்தைக் கலந்த பின்னரே நீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டும். நீரே பச்சையாகிவிட்டால் மூன்று நாள் துணியால் மூடி இருளில் வைக்கலாம். அப்போது காற்றுக்குழாய் இடைவிடாது இயங்க வேண்டும். பிறகு நீரை மாற்ற வேண்டும்.

பெயரிலும் ஒரு தெளிவு தேவை. புதிய தொட்டியில் தோன்றும் பழுப்புப் படலம் டயாட்டம் என்னும் நுண்ணுயிர். வழவழப்பான நீலப்பச்சைப் பாசியோ உண்மையில் பாக்டீரியா வகை. கண்ட நிறத்தைக் கொண்டு மக்கள் பெயரிட்டனர். அறிவியலோ உயிரணுவின் அமைப்பைக் கொண்டு பிரித்தது. மாணவர்கள் தொட்டிநீரை இரு கண்ணாடிப் புட்டிகளில் எடுத்து, ஒன்றைச் சன்னலிலும் மற்றொன்றை அலமாரியிலும் இரு வாரம் வைத்து ஒப்பிடலாம். கண்டதை நாள்தோறும் தமிழில் குறித்துவந்தால் அறிவியலும் மொழியும் ஒருங்கே வளரும்.