டிஜிட்டல் சேகரிப்புப் பொருள்: வாங்கியவர் கையில் இருப்பது என்ன?

2021 மார்ச் 11ஆம் திகதி, கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம் இணையத்தில் நடத்திய ஏலத்தில், பீப்பிள் என்ற அமெரிக்க ஓவியரின் டிஜிட்டல் படமொன்று 6 கோடியே 93 இலட்சம் டொலருக்கு விலைபோனது. வாங்கியவர் ஒரு தமிழர். தமிழ்நாட்டைச் சேர்ந்தவரும் சிங்கப்பூரில் தொழில் செய்பவருமான விக்னேஷ் சுந்தரேசன். ஈதர் என்ற கிரிப்டோ நாணயத்தில் 42,329 கொடுத்து அவர் பெற்றது என்.எஃப்.டி எனப்படும் ஒரு டோக்கன். அந்தப் படத்தை இன்றும் எவரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அதன் பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கிறது. அந்த ஓவியரோ, தனக்கு வந்த ஈதரை உடனடியாகவே டொலராக மாற்றிக்கொண்டார்.

விக்னேஷ் கிரிப்டோ துறையையே தொழிலாகக் கொண்டவர், தெரிந்துதான் வாங்கினார். வன்னியின் மல்லாவியில் வயல் வருமானத்தையோ வெளிநாட்டிலிருந்து அண்ணன் அனுப்பிய காசையோ போட நினைக்கும் ஒரு பிள்ளைக்கு அந்த அறிவும் இல்லை, இழப்பைத் தாங்கும் வசதியும் இல்லை. அதனால்தான் இதை எழுதவேண்டியிருக்கிறது.

என்.எஃப்.டி என்பது, இந்த இலக்கமுள்ள டோக்கன் இந்தக் கணக்குக்கு உரியது என்று, பிளாக்செயின் எனப்படும் பொது டிஜிட்டல் பதிவேட்டில் விழும் ஒரு வரி. பெரும்பாலும் படம் அந்தப் பதிவேட்டில் இருப்பதில்லை. படம் வேறெங்கோ ஒரு சேர்வரில் கிடக்க, அதன் முகவரி மட்டும் டோக்கனில் இருக்கும். 2022 நவம்பரில் எஃப்.டி.எக்ஸ் என்ற கிரிப்டோ சந்தை வங்குரோத்தானபோது, அங்கே உருவாக்கப்பட்ட டோக்கன்கள் பலவற்றின் படங்கள் மறைந்துபோயின. இணைப்பைத் திறந்தவர்களுக்கு வங்குரோத்து பற்றிய பக்கம்தான் வந்தது.

விலை எப்படி? டுவிட்டரை நிறுவியவர்களில் ஒருவரான ஜாக் டோர்சியின் முதல் டுவீட் என்.எஃப்.டியாக 2021 மார்ச்சில் 29 இலட்சம் டொலருக்கு விற்கப்பட்டது. அடுத்த வருடம் ஏப்ரலில் வாங்கியவர் அதைத் திரும்ப விற்க வைத்தபோது, முதலில் வந்த ஏலக் கேள்விகளில் அதிகமானது ஏறத்தாழ 280 டொலர். மறுபடி வாங்க ஆள் இருந்தால்தான் இதற்கு விலை. களவும் குறைவில்லை. தனது இலவசக் கருவியால் உருவாக்கப்பட்ட என்.எஃப்.டிகளில் 80 வீதத்துக்கும் மேல் திருட்டுப் படங்கள், போலிகள், குப்பைகள் என்று ஓப்பன்சீ என்ற என்.எஃப்.டி சந்தையே 2022 ஜனவரியில் ஒப்புக்கொண்டது.

எங்கள் பெடியன்களுக்கு இதைவிட நெருக்கமானது கைபேசி விளையாட்டுகளான ஃப்ரீ ஃபயரின் டயமண்டும் பப்ஜியின் உடைகளும்தான். காசு கொடுத்தும் அவை உங்கள் சொத்தாவதில்லை. பாவிக்க மட்டும் அனுமதி. வன்னியில் காணி உறுதிக்கும் பெர்மிற்றுக்கும் உள்ள வித்தியாசம் எல்லோருக்கும் தெரியும். காணிப் பெர்மிற்றை ரத்துச்செய்வதற்குக்கூட பிரதேச செயலாளர் அறிவித்தல் தந்து விசாரிக்கவேண்டும். விளையாட்டுக் கணக்குக்கு அந்தப் பாதுகாப்பும் கிடையாது, நிறுவனம் நினைத்தால் முடக்கிவிடும். கணக்கை விற்பதும் அதன் விதிகளுக்கு முரண். ஆகவே, விற்றவன் கடவுச்சொல்லை மாற்றிக் கணக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டால் நிறுவனம் உங்கள் பக்கம் நிற்காது.

இலங்கையில் சட்டம் எங்கே நிற்கிறது? கிரிப்டோ நாணயம் இங்கே சட்டபூர்வமான பணமல்ல, அதற்காக எவருக்கும் உரிமம் வழங்கவில்லை என்று மத்திய வங்கி 2022 ஜூலையிலும் எச்சரித்தது. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழான பணிப்புரையின்படி, கடன் அட்டையாலோ டெபிட் அட்டையாலோ அதற்குப் பணம் செலுத்தவும் முடியாது. பெரும்பாலான என்.எஃப்.டிகள் கிரிப்டோவில்தான் விற்கப்படுகின்றன என்பதால், இங்கிருந்து வாங்குபவர் முதற்படியிலேயே பாதுகாப்பில்லாத இடத்துக்குப் போய்விடுகிறார்.

இதைவிட மோசமானது ஆள்சேர்ப்பு. ‘இன்னும் நாலுபேரைச் சேர், கமிஷன் வரும்’ என்று சொன்னால் அது சேகரிப்புப் பொருளே அல்ல, பிரமிட் திட்டம். வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவு அதைத் தடைசெய்கிறது. ஸ்போர்ட்ஸ் செயின், ஒன்மெக்ஸ் டிடி, எம்.டி.எஃப்.இ போன்றவற்றை மத்திய வங்கி இந்தப் பிரிவை மீறியவையாகப் பெயர் சொல்லி அறிவித்திருக்கிறது. திட்டத்தை ஊக்குவிப்பதும் குற்றம். மச்சானையும் சித்தியையும் நம்பிச் சேர்த்துவிட்டவர் காசை இழந்த கையோடு சட்டத்துக்கும் பதில் சொல்ல வேண்டிவரலாம்.

பணம் போய்விட்டால், வட்ஸ்அப் உரையாடல், வங்கிச் சீட்டு, பரிவர்த்தனை இலக்கம், அனுப்பிய கணக்கின் விவரம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். குழுவைவிட்டு வெளியேறுவது அதற்குப் பிறகுதான். அன்றைக்கே வங்கிக்கு அறிவியுங்கள். மல்லாவிப் பொலிசில் முறைப்பாடு எழுதி, அதன் இலக்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள். கணக்குத் திருட்டு என்றால் இணையப் பாதுகாப்புக்கான இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101, நிதித் திட்டம் பற்றிய சந்தேகம் என்றால் மத்திய வங்கியின் 1935 என்ற தொலைபேசி இலக்கத்தை அழையுங்கள். கிரிப்டோவாக அனுப்பிய பணம் திரும்பக் கிடைப்பது அரிது. அதனால், ‘கட்டணம் தந்தால் மீட்டுத் தருகிறேன்’ என்று வருபவர் இரண்டாவது திருடர். உங்கள் கிரிப்டோ வொலட்டைத் திறக்கும் 12 அல்லது 24 இரகசியச் சொற்களை அவருக்கும் சரி, வேறு எவருக்கும் சரி சொல்லாதீர்கள். நீங்கள் வரைந்த படத்தை வேறொருவர் டோக்கனாக்கி விற்றால் உங்களிடம் வலுவான உரிமை உண்டு: 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டம். மூலக் கோப்பைக் காட்டி விற்பனைத் தளத்துக்கு முறையிட்டு நீக்கச் சொல்லலாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். நகையை அடைவு வைத்துக் காசைத் தொலைத்த பிள்ளையை ஏசாதீர்கள். ஏச்சுக்குப் பயந்து அவன் மறைக்கும் நாட்களில்தான் பணம் கை மாறிப் போகிறது. பொலிசுக்கும் வங்கிக்கும் அவனோடு கூடப் போங்கள்.