பெயரின் வாலைப் பாருங்கள்

நெய்யாற்றின்கரையில் நடந்த அத்தை மகள் கல்யாணப் படங்களைப் பென் டிரைவில் வாங்கி வந்து, பாறசாலை வீட்டுக் கம்ப்யூட்டரில் செருகினேன். 'கல்யாணம்' என்ற ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர்கள்! சந்தேகம் தட்டியது.

2000 மே மாதம் உலகெங்கும் பரவிய 'ஐ லவ் யூ' வைரஸ் காதல் கடிதம்போல் வந்தது. கோப்புப் பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின்வரும் வாலை விண்டோஸ் மறைத்ததால் பலர் ஏமாந்தனர்.

'வியூ' பகுதியில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதைத் தேர்ந்தேன். ஒன்றின் வால் 'இ.எக்ஸ்.இ.' என்றிருந்தது. அது ஃபோல்டரல்ல, இயங்கும் நிரல். திறக்காமலே அழித்து, விண்டோஸ் செக்யூரிட்டியில் முழுச் சோதனை நடத்தினேன்.

மறைந்த அப்பாவின் படங்கள் இந்தக் கம்ப்யூட்டரில்தான் உள்ளன. அவற்றுக்கு வேறொரு படியும் எடுத்து வைத்தேன். அன்பர்களே, பெயரை நம்பாதீர்கள். வாலைப் பார்த்துத் திறவுங்கள்.