ஓட்டைக் குடமும் வரிச் சலுகையும்

வரி என்ற சொல்லைக் கேட்டு முகம் மலர்ந்தவர் எவரையும் நாம் இதுவரை கண்டதில்லை. சர்க்கார் கஜானாவுக்குப் போன பணம் ஆற்றில் கரைத்த புளி என்பதுதான் குடும்பஸ்தர்களின் பொது அபிப்பிராயம். ஆயினும், "உன் வீட்டுச் சுவரிலும் கூரையிலும் உள்ள ஓட்டையை அடைத்துக்கொள்; ஆகும் செலவில் ஒரு பங்கை எனக்குத் தரவேண்டிய வரியில் கழித்துக்கொள்" என்று சொன்ன சர்க்கார் ஒன்று உண்டு. அது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சர்க்கார். அந்தச் சலுகை பிறந்த கதையும், பலமுறை செத்துப் பிழைத்த கதையும், 2025-ஆம் வருஷக் கடைசியில் முடிந்துபோன கதையும் வீடு வாசலோடு வாழும் நம் நேயர்கள் அறியத் தக்கவை.

சூடு ஓடும் வழி

நம் ஊரில் வீடு என்றால் காற்றோட்டம் வேண்டும் என்போம். அமெரிக்காவின் வடபகுதியிலோ, குளிர்காலத்தில் காற்று உள்ளே வந்தால் அது விருந்தாளி அல்ல, திருடன். அந்நாட்டு வீடுகளில் பெரும்பாலானவை மரச் சட்டங்களை நிறுத்தி, இருபுறமும் பலகை அடித்துக் கட்டப்பட்டவை. பழைய வீடுகள் பலவற்றில் பலகைகளுக்கு நடுவே வெற்றிடந்தான். பணம் கொடுத்து வாங்கிய எண்ணெயையும் வாயுவையும் எரித்து உண்டாக்கிய சூடு, கூரை வழியாகவும் ஜன்னல் இடுக்கு வழியாகவும் தெருவுக்குப் போய்விடுகிறது. அமெரிக்க வீடு ஒன்றில் செலவாகும் சக்தியில் ஏறக்குறையப் பாதி, வீட்டைச் சூடாக்குவதற்கும் குளிர்விப்பதற்குமே ஆகிறது என்றால் நஷ்டத்தை ஊகித்துக்கொள்ளலாம். ஓட்டைக் குடத்தில் நீர் மொள்ளும் கதைதான்.

இதற்குப் பரிகாரம் கடினமானதல்ல. சுவரின் நடுவிலும் கூரையின் அடியிலும் கண்ணாடி நாரையோ காகித நாரையோ திணிக்கலாம். ஜன்னல்களுக்கு இரட்டைக் கண்ணாடி போடலாம். வெளிக் காற்றிலுள்ள சூட்டை இறைத்து வீட்டுக்குள் கொண்டுவரும் 'ஹீட் பம்ப்' என்ற யந்திரத்தை வைக்கலாம். கடினமானது அதற்கு வேண்டிய முதல்தான்.

கம்பளிச் சட்டை அணிந்த ஜனாதிபதி

1973-ஆம் வருஷத்தில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்ப மறுத்தன. அன்றுதான் அந்நாட்டார், தம் வீட்டுச் சூடு பிறர் தயவில் இருப்பதை உணர்ந்தனர். 1977 பிப்ரவரியில் ஜனாதிபதி கார்ட்டர் கம்பளிச் சட்டை அணிந்து டெலிவிஷனில் தோன்றி, வீட்டின் சூட்டைக் குறைத்துக்கொள்ளும்படி ஜனங்களை வேண்டினார். மறு வருஷமே சட்டம் வந்தது. வீட்டைக் குளிர் புகாதபடி செப்பனிடுவோருக்கு முதல் 2,000 டாலர் செலவில் 100-க்கு 15 வீதம், அதாவது 300 டாலர் வரை, வரியில் கழிவு கிடைத்தது. 1979-ல் வெள்ளை மாளிகையின் கூரைமேலேயே வெந்நீர் போடுவதற்காக 32 சூரியத் தகடுகள் ஏறின.

எண்ணெய் விலை இறங்கியதும் ஊக்கமும் இறங்கிற்று. 1985 முடிவில் சலுகை மறைந்தது. 1986-ல் வெள்ளை மாளிகைத் தகடுகளும் கீழே இறங்கின.

மீண்டும் பிறந்தது

இருபது வருஷம் கழித்து, 2005-ஆம் வருஷச் சட்டம் 100-க்கு 10 என்ற சிறு சலுகையை உயிர்ப்பித்தது. 2008-ல் அது இல்லை. 2009-ல் 100-க்கு 30 ஆகப் பெருகியது. 2011-ல் பழையபடி சுருங்கியது. காலாவதியான பிறகு முன்தேதியிட்டுப் புதுப்பிப்பதும் வழக்கமாயிற்று. 2022 ஆகஸ்டில் ஜனாதிபதி பைடன் கையெழுத்திட்ட சட்டந்தான் இதற்குத் தாராளமான உருவம் அளித்தது. 2023 முதல் 2032 வரை நீடிக்கும் என்று அதில் எழுதியிருந்தது.

அதன் கணக்கை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். ஒரு குடும்பத்தார் கூரைக்குத் திணிக்கும் சாமான்களை 4,000 டாலருக்கு வாங்கினர். 8,000 டாலரில் ஹீட் பம்ப் வைத்தனர் என்று கொள்வோம். முதலாவதற்கு 100-க்கு 30 வீதம் 1,200 டாலர். இவ்வகைக்கு வருஷ வரம்பும் அதுவே. திணிப்பதற்கான கூலி கணக்கில் சேராது. ஹீட் பம்புக்கு 2,400 டாலர் வரவேண்டும். ஆனால் வரம்பு 2,000. ஆக மொத்தம் 3,200 டாலர். இது வருமானத்தில் கழிப்பதன்று. கட்டவேண்டிய வரியிலேயே டாலருக்கு டாலர் கழிப்பது.

யாருக்குக் கிடைத்தது?

இங்கேதான் நாம் சற்று நின்று யோசிக்கவேண்டும். அக்குடும்பத்தார் கட்டவேண்டிய வரி 2,500 டாலர்தான் என்றால், மீதி 700 டாலர் போனது போனதுதான். அடுத்த வருஷத்துக்கும் வராது. வரியே கட்டாத ஏழைக்கோ ஒரு காசும் இல்லை. வாடகைக்கு மட்டுமே விட்டிருக்கும் வீட்டுச் சொந்தக்காரருக்கும் சலுகை இல்லாததால், குடியிருப்பவரின் ஜன்னலைப் பற்றி அவர் கவலைப்படக் காரணமும் இல்லை. எவர் வீட்டில் ஓட்டை அதிகமோ அவருக்கே உதவி குறைவு!

பெர்க்லியிலுள்ள காலிபோர்னியா சர்வகலாசாலைப் பொருளாதார அறிஞர்களான போரன்ஸ்டைனும் டேவிஸும் 2006 முதல் 2012 வரையிலான வரிக் கணக்குகளை ஆராய்ந்தனர். சூரியத் தகடு, புதுவகைக் கார் முதலியவற்றின் சலுகைகளையும் சேர்த்துப் பார்த்ததில், வருமானத்தில் மேலேயுள்ள ஐந்தில் ஒரு பங்கினர் மொத்தத் தொகையில் 100-க்கு 60 பெற்றனர். கீழேயுள்ள ஐந்தில் மூன்று பங்கினருக்கு ஏறக்குறைய 10 மட்டுமே. சலுகை இல்லாவிட்டாலும் ஜன்னல் மாற்றியிருக்கக் கூடியவர்களுக்குப் பொதுப் பணத்தை ஏன் தரவேண்டும் என்று ஆட்சேபித்தவர்கள் முற்றிலும் தவறாகப் பேசவில்லை. ஏழைகளின் வீட்டுக்கு ஆட்களை அனுப்பி இலவசமாகவே செப்பனிட்டுத் தரும் ஏற்பாடு 1976-லேயே அங்கே தொடங்கியது. நியாயத்துக்கு அதுவே நெருங்கிய வழி என்பது நம் அபிப்பிராயம்.

ஆனால் இதை வைத்து நடுத்தரக் குடும்பங்களைப் பழிப்பதும் சரியல்ல. வீட்டுச் சீர்திருத்தத்துக்கும் சூரியத் தகடு போன்றவற்றுக்கும் சேர்த்து, 2023-ஆம் வருஷக் கணக்கில் மட்டும் 34 லட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் சலுகை பெற்றன.

வாக்கும் வருஷமும்

2025 ஜூலை 4-ஆம் தேதி, அமெரிக்க சுதந்தர தினத்தன்று, ஜனாதிபதி டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம் இச்சலுகையை அவ்வருஷம் டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடித்துவிட்டது. 2032 என்று எழுதிய எழுத்து ஏழு வருஷம் முன்னதாகவே அழிந்தது.

நமக்கு உறுத்துவது இதுதான். சலுகைக்கு வருஷந்தோறும் வரம்பு வைத்ததால், இவ்வருஷம் கூரை, அடுத்த வருஷம் ஜன்னல், அதற்கடுத்த வருஷம் யந்திரம் என்று படிப்படியாகச் செய்வதே புத்திசாலித்தனம் என்று சட்டமே கற்பித்தது. கையில் ரொக்கம் உள்ளவர் அவசரமாக எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளலாம். சட்டத்தை நம்பி, சிறுகச் சிறுகச் சேர்த்து, முறையாகத் திட்டமிட்ட குடும்பமே பாதி வழியில் நின்றது. ஒரு சலுகையைத் தரவேண்டுமா கூடாதா என்பதைப் பற்றிப் பெரியவர்கள் மாறுபடலாம். தருவதாகச் சொன்ன காலத்தைக் காப்பாற்றவேண்டும் என்பதில் மாறுபாடு இருக்கலாமா? ஒரு கூரை பல வருஷம் நிற்கும். அதைச் செப்பனிடச் சொல்லும் வாக்கும் சில வருஷமாவது நிற்கவேண்டாமா?

எனினும், ஓட்டையை அடைத்தவர்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு. எந்தச் சட்டம் வந்தாலும் போனாலும், சுவருக்குள் திணித்த நார் சுவருக்குள்ளேயே இருக்கும். ஒவ்வொரு குளிர்காலத்திலும் அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.