போர்ட் என்னும் வாயிலும் அதன் காவலும்

தேவிகுளம், பீருமேடு மலைப்பகுதிகளிலும், சித்தூர், கொழிஞ்சாம்பாறை முதலிய பாலக்காட்டு எல்லைப்புற ஊர்களிலும் தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். அவர்களுடைய நிலவரி, வருமானச் சான்று, ரேஷன் அட்டை முதலியவை யாவும் இன்று கணினியில் ஏறிவிட்டன. அரசு அலுவலகங்களைக் கண்ணாடியிழைக் கம்பியால் பிணைக்கும் கே-ஃபோன் திட்டம் கேரளத்தில் 2023-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள் தொடங்கி வைக்கப்பெற்றது. ஏறத்தாழ 30,000 அலுவலகங்களை இணைப்பது அதன் நோக்கம். கம்பி வந்து சேர்வது ஒன்று. அக்கம்பியின் வாயிலைக் காப்பது மற்றொன்று. பின்னதைப் பற்றியே இங்கு ஆராய்வோம்.

அலுவலகக் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கருவி ‘ஸ்விட்ச்’ எனப்படும். அதிலுள்ள ஒவ்வொரு செருகுவாயும் ஒரு ‘போர்ட்’. சுவரிலுள்ள ஒரு செருகுவாயில் அயலார் எவரேனும் தம் மடிக்கணினியைச் செருகினால், ஸ்விட்ச் பொதுவாக அதனையும் வரவேற்கும். அவர் பொய்யான முகவரிகளைப் பல்லாயிரக்கணக்கில் அனுப்பி ஸ்விட்சின் நினைவேட்டை நிரப்பிவிட்டால், ஒருவருக்குச் செல்லவேண்டிய செய்தி எல்லா வாயில்களுக்கும் பரவும். பிறருடைய விவரங்கள் அயலார் கைக்குச் செல்ல அது வழியாகும்.

இதனைத் தடுப்பதே ‘போர்ட் செக்யூரிட்டி’. தேயிலைத் தோட்டத்துப் பிரட்டுக்களத்தை நினைவுகூர்வோம். அங்கே பேரேட்டில் பெயர் உள்ளவருக்கே அன்றைய வேலை. அதுபோல, கணினி ஒவ்வொன்றுக்கும் ‘மேக்’ என்னும் 12 இலக்க முகவரி உண்டு. இன்ன போர்ட்டில் இன்ன முகவரிக்கே இடம் என்று ஸ்விட்சுக்குக் கட்டளையிடலாம்.

சிஸ்கோ ஸ்விட்சுகளை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். முதலில் அந்தப் போர்ட்டை ஒரே கணினிக்குரிய ‘அக்சஸ்’ நிலையில் அமைத்தல் வேண்டும். பின்னர்க் காவலை இயக்கினால், வேறொன்றும் கூறாதவிடத்து ஒரு முகவரிக்கே அனுமதி. தொலைபேசியும் கணினியும் ஒரே வாயிலில் இருப்பின் எண்ணிக்கையை உயர்த்த வேண்டும். பிற ஸ்விட்சுகளோடு இணையும் போர்ட்டில் இக்கட்டுப்பாட்டைப் புகுத்தலாகாது. புகுத்தினால் அலுவலகம் முழுவதும் முடங்கும்.

விதி மீறப்பட்டால் மூவகைத் தண்டனை உண்டு. ‘ப்ரொடெக்ட்’ அயலாரின் செய்தியை ஓசையின்றி ஒதுக்கும். ‘ரெஸ்ட்ரிக்ட்’ ஒதுக்குவதோடு பதிவும் செய்யும். ‘ஷட்டவுன்’ வாயிலையே அடைத்துவிடும். பொறுப்பாளர் காரணம் அறிந்து திறத்தல் வேண்டும். தனியாக ஏதும் குறிப்பிடாவிடில் மூன்றாவதே நடைமுறைக்கு வரும்.

‘ஸ்டிக்கி’ முறையில் ஸ்விட்ச் முகவரியைத் தானே கற்றுக்கொள்ளும். ஆயினும் கற்றதை நிலையான நினைவில் சேமித்தல் இன்றியமையாதது. மழைக்காலத்தில் மின்சாரம் அடிக்கடி தடைப்படும் மலைநாட்டில் இது பெரிதும் கருதத்தக்கது. சேமியாது விட்டால், மின்சாரம் மீண்டதும் முதலில் வந்து செருகுபவரையே ஸ்விட்ச் உரியவராக ஏற்கும்.

இக்காவலுக்கும் எல்லை உண்டு. பிரட்டுக்களத்தில் ஒருவர் பெயருக்கு மற்றொருவர் குரல் கொடுப்பதுண்டன்றோ? மேக் முகவரியையும் அவ்வாறே போலியாகச் சொல்ல இயலும். ஆகவே பயன்படாத போர்ட்டுகளை அடைத்து வைத்தலும், ஸ்விட்ச் உள்ள பெட்டியைப் பூட்டி வைத்தலும், பயன்படுத்துவோரைக் கடவுச்சொல்லால் அறிதலும் உடன் வேண்டும். அயல் மாநிலத்தில் வாழும் எளியவருக்கு ஆவணமே ஆதாரம். அதன் வாயிலைக் காப்பது அலுவலகத்தாரின் நீங்காக் கடமையாகும்.