எல்லைக் கோட்டில் ஒரு நூதனசாலை

நூதனசாலை என்றதும் பழைய மன்னரின் ஆசனமும், சிலைகளும், நாணயங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஓர் ஊரின் நூதனசாலையாயின் அவ்வூரார் கையாண்ட பொருள்களை ஆங்கே காணலாம். ஆனால், இரு நாடுகளின் எல்லையில் அமைந்த நகரத்தில் அத்தகைய சாலையொன்றை அமைக்கப் புகுவோர், “இஃது எவருடைய ஊர்?” என்னும் வினாவுக்கு முதலில் விடை காணவேண்டும். நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவில் வாழும் நமக்கு, தெருவின் நடுவே நாட்டின் எல்லை செல்வது எத்தகையது என்பது எளிதிற் புலப்படாது. அதனை அறிய விரும்புவோர் இத்தாலி நாட்டின் வடகிழக்கு மூலையிலுள்ள கொரிட்சியா என்னும் நகருக்குச் செல்லவேண்டும். அதனை ஒட்டி, சுலொவேனிய நாட்டிற்குள் நோவா கொரிட்சா என்னும் நகர் இருக்கின்றது. நோவா என்றால் புதிய என்பது பொருள்.

கொரிட்சா என்பது சிலாவிய மொழியில் சிறு குன்றைக் குறிக்கும் சொல். 1001ஆம் ஆண்டில் மூன்றாம் ஒட்டோ பேரரசர் வழங்கிய சாசனமொன்றிலேயே இவ்வூரின் பெயர் முதன்முதலாகக் காணப்படுகின்றது. சிலாவியர் தம் மொழியில் இதனை இப்பெயரால் அழைக்கின்றனர் என்று அச்சாசனமே கூறுகின்றது. பேரரசர் ஊரின் ஒரு பாதியை அக்குவிலேயா நகரின் பெருங்குருவுக்கும், மறு பாதியைப் பிரியூலி நாட்டுக் கோமானுக்கும் ஈந்தார். ஆக, வரலாற்றில் இவ்வூர் தலைகாட்டிய ஆண்டிலேயே இரண்டாகப் பங்கிடப்பட்டுவிட்டது! 1500ஆம் ஆண்டு தொடக்கம் ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் ஒஸ்திரிய அரச குலத்தாரின் ஆட்சியில் இருந்தது. இத்தாலியரும், சுலொவேனியரும், ஜெர்மன் மொழியினரும் ஒரே சந்தையில் காய்கறி வாங்கிய காலம் அது. முதலாம் உலகப் போரின்போது, ஊரின் அருகே ஓடும் இசொன்சோ ஆற்றங்கரையில், 1915க்கும் 1917க்கும் இடையே பன்னிரண்டு பெரும் போர்கள் நிகழ்ந்தன. அப்போர்களைக் காட்டும் நூதனசாலை கொரிட்சியாக் கோட்டையின் அடிவாரத்து வீடுகளில் அமைந்துள்ளது. போரின் முடிவில் ஊர் முழுவதும் இத்தாலியின் கைக்கு மாறிற்று.

நாம் சிறப்பாக நோக்க வேண்டியது அடுத்த பிரிவினையையே. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பாரிசு உடன்படிக்கையின்படி, 1947ஆம் ஆண்டு செப்ரெம்பர் 15ஆம் நாள், இத்தாலிக்கும் யூகோசிலாவியாவுக்கும் இடையிற் புதிய எல்லை நடைமுறைக்கு வந்தது. கோட்டையும், தேவாலயங்களும், கடைவீதியும் இத்தாலியில் நின்றன. சுற்றியிருந்த சிற்றூர்களும் வயல்களும் யூகோசிலாவியாவிற் சேர்ந்தன. 1906ஆம் ஆண்டில் ஒஸ்திரியர் திறந்து வைத்த அழகிய புகையிரத நிலையமும் யூகோசிலாவியாவுக்கே போயிற்று. அந்நிலையத்தின் முகப்பு கொரிட்சியா நகரை நோக்கி அமைந்தது. கோடு வரைந்தோர் நிலையத்தின் முன்னுள்ள முற்றத்தின் ஊடாகவே அதனை வரைந்தனர். வாயிலைத் திறந்து சில அடி நடந்தால் வேறு நாடு.

பட்டினத்தை இழந்த சிற்றூர்களுக்கு ஒரு பட்டினம் வேண்டுமென 1948இல் நோவா கொரிட்சா நகரை அமைக்கத் தொடங்கினர். எட்வார்ட் ரவ்னிகர் என்னும் கட்டிடக் கலைஞர் அதனைத் திட்டமிட்டார். நாம் சோசலிசத்தை அமைக்கின்றோம் என்னும் வாசகமும், செந்நட்சத்திரமும் நிலையத்தின் முகப்பில் இத்தாலியரின் கண்ணுக்குத் தெரியுமாறு பொறிக்கப்பட்டன.

பிற்காலத்தில் எல்லையின் வரலாற்றைக் கூறும் நூதனசாலை அந்நிலையத்திலேயே அமைந்தது மிகவும் பொருத்தமானது. எல்லைக் கற்கள், காவலர் அணிந்த உடைகள், ஒளிப்படங்கள் முதலியனவே அங்கு வைக்கப்பட்ட பொருள்கள். பொன்னும் மணியும் தேடிச் செல்வோர் ஏமாற்றமடைவர். ஆயினும், கோடு கிழிக்கப்பட்ட நாள்களின் படங்களை நோக்கிவிட்டு யன்னல் வழியே முற்றத்தைப் பார்ப்பவருக்கு, காட்சிப் பொருளும் அது தோன்றிய இடமும் ஒருங்கே கண்ணிற் படுகின்றன. இவ்வாய்ப்பு வேறெந்த நூதனசாலையில் எளிதிற் கிடைக்கும்?

நகரின் தெற்கேயுள்ள மீரென் என்னும் சிற்றூரில் இதனினும் மனத்தை உருக்கும் காட்சியொன்று உண்டு. அங்கே எல்லைக் கோடு சேமக்காலையின் ஊடாகச் சென்றது. கல்லறைகளின் மேல் முட்கம்பி வேலி நின்றது. தந்தையின் கல்லறைக்குப் பூ வைக்கச் செல்பவர் வேற்று நாட்டின் காவலரை எதிர்நோக்க வேண்டியதாயிற்று. 1975ஆம் ஆண்டு ஒசிமோ உடன்படிக்கையின் பின்னரே சேமக்காலை முழுவதும் ஓரே நாட்டிற்கு உரியதாயிற்று. இறந்தோரையும் எல்லை விட்டுவைக்கவில்லை என்பதை எடுத்துக்காட்ட அங்கே சிறு காட்சிச்சாலை உண்டு. அண்மையிலுள்ள விர்த்தொய்பாவில், படைவீரர் காவல் புரிந்த கோபுரமொன்றும் நூதனசாலையாகியிருக்கின்றது. அதன் உள்ளே ஒரு சிலர் மட்டுமே ஒரு வேளையில் நிற்கலாம்.

அழுகைக்கு நடுவே நகைப்புக்கும் இடமுண்டு. 1950ஆம் ஆண்டு ஓகஸ்ட் 13ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. யூகோசிலாவியப் பக்கத்திற் கூடிய ஆயிரக்கணக்கான மக்கள், காவலரைத் தள்ளிக்கொண்டு எல்லையைக் கடந்து கொரிட்சியாவுக்குட் புகுந்துவிட்டனர். மூன்றாண்டுகளாகக் காணாத உற்றாரைத் தழுவினர். பின்னர் கடைகளுக்கு விரைந்தனர். தம் நாட்டிற் கிடைத்தற்கரிய பொருள்களுள் விளக்குமாறும் ஒன்று. மாலையிற் பலரும் தோளில் விளக்குமாற்றுடன் திரும்பினர். அன்று முதல் அந்நாள் ‘விளக்குமாற்று ஞாயிறு’ எனப் பெயர் பெற்றது. கொள்கைகளைப் பற்றிய நெடிய விரிவுரைகளினும் அந்த ஒரு விளக்குமாறு அக்காலத்தை நமக்கு நன்கு உணர்த்துகின்றது என்பது என் கருத்து.

1955இல் ஊதினே நகரிற் செய்த ஒப்பந்தத்தின் பின், எல்லையோர மக்கள் சிறப்பு அனுமதிச் சீட்டுடன் மாதம் நான்கு தடவை கடக்கலாயினர். கோப்பியும் ஜீன்ஸ் காற்சட்டையும் கிழக்கே சென்றன. இறைச்சி மேற்கே சென்றது. அனுமதித்த அளவுக்கு மேற்பட்டவை உடையின் மடிப்பிலும், பையின் அடியிலும் மறைந்து சென்றன. பழைய எல்லைக் காவல் நிலையமான பிரிஸ்தாவாவில் இக்கள்ளக்கடத்தலுக்கென்றே ஒரு நூதனசாலை உண்டு. சட்டத்தை மீறிய பாட்டிமாரின் உபாயங்களைச் சுங்கக்காரரின் அறையிலேயே காட்சிக்கு வைத்திருப்பது வேடிக்கையன்றோ!

எனினும், ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துத் திரும்புவோர் பாதியே அறிந்தவராவர். பாசிச ஆட்சியில் சுலொவேனிய மொழிப் பள்ளிகள் மூடப்பட்டன. 1936ஆம் ஆண்டின் இறுதியில் லொய்சே பிராத்துஷ் என்னும் தேவாலயப் பாடகர் குழுத் தலைவரைப் பிடித்த பாசிசக் குண்டர், இயந்திர எண்ணெயைக் குடிக்கச் செய்தனர். அடுத்த பெப்ரவரியில் அவர் உயிர் துறந்தார். 1945ஆம் ஆண்டு மே மாதத்தில் யூகோசிலாவியப் படையினர் நகரைக் கைக்கொண்டபோது பிடித்துச் சென்ற நூற்றுக்கணக்கானோர் மீளவில்லை. அவர்களின் பெயர்கள் கொரிட்சியாவின் நினைவுப் பூங்காவிற் கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளன. சுலொவேனியர் முன்னதை மறவார். இத்தாலியர் பின்னதை மறவார். இரண்டையும் ஒரே நாளில் கேட்டறிவது பார்வையாளரின் கடமை. கோட்டையிலிருந்து புகையிரத நிலையத்துக்கு நடந்தே செல்லலாம்.

2004ஆம் ஆண்டு மே மாதம் முதலாம் நாள் சுலொவேனியா ஐரோப்பிய ஒன்றியத்திற் சேர்ந்தது. நிலைய முற்றத்திலிருந்த வேலி அகற்றப்பட்டு, கோடு சென்ற இடத்தில் வட்டமான கற்சித்திரம் பதிக்கப்பட்டது. 2007 டிசெம்பரிற் கடவுச்சீட்டுச் சோதனையும் நின்றது. 2025இல் இரு நகரங்களும் இணைந்து ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராக விளங்கின. ஆனால் இடையில், 2020 மார்ச்சில் கொள்ளை நோயின் காரணமாக அதே முற்றத்தின் குறுக்கே மீண்டும் வேலி எழுந்தது. ஒருவரையொருவர் காண விரும்பியோர், பழைய ஒளிப்படங்களிற் கண்டவாறே, வேலியின் இரு புறமும் நின்று பேசினர். அவ்வேலி சில மாதங்களில் நீங்கிற்று. 2023 ஒக்ரோபரில் இத்தாலி எல்லைச் சோதனையை மறுபடி தொடங்கியது.

நோவா கொரிட்சாவின் குன்றொன்றில் கொஸ்தான்யெவிட்சா என்னும் துறவியர் மடம் உண்டு. பிரான்சிலிருந்து துரத்தப்பட்ட பத்தாம் சார்லசு மன்னர் 1836இல் கொரிட்சியாவிற் காலமாகி அம்மடத்தில் அடக்கம் பெற்றார். ஒஸ்திரிய மண்ணில் அடக்கம் பெற்ற அவர், இத்தாலியிலும், யூகோசிலாவியாவிலும் இருந்து, இன்று சுலொவேனியாவில் உறங்குகின்றார்.